முடிவெடுக்கும் முன் ஜெபம்: அன்றாட வாழ்வில் தேவனுடைய வழிநடத்துதலைக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

எரேமியா 42-ஆம் அதிகாரத்தில் ஒரு ஜெப விண்ணப்பம் வருகிறது. எருசலேம் இடிந்து கிடக்கிறது. பாபிலோன் ராஜா அதிகாரியாக வைத்துப்போன கெதலியாவையும் கொன்றுவிட்டார்கள். மிச்சமிருந்த ஜனங்கள் பயந்துபோய் தீர்க்கதரிசி எரேமியாவிடம் வருகிறார்கள். நாங்கள் நடக்கவேண்டிய வழியைக் கர்த்தர் காட்டும்படி எங்களுக்காக ஜெபம்பண்ணும், அவர் சொல்வது எங்களுக்கு நன்மையாகத் தோன்றினாலும் தீமையாகத் தோன்றினாலும் கீழ்ப்படிவோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். கேட்க எவ்வளவு பக்தியாக இருக்கிறது!

ஆனால் அதற்கு முந்தின அதிகாரத்தின் கடைசி வரிகளைப் படியுங்கள். எகிப்துக்குப் போகவென்றே கிளம்பி, பெத்லெகேமுக்குப் பக்கத்தில் வந்து தங்கியிருக்கிறார்கள். அதாவது மூட்டை கட்டியாகிவிட்டது. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: இங்கேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதேயுங்கள். அவர்கள் எரேமியாவைப் பார்த்துச் சொன்னது, நீ பொய் சொல்லுகிறாய் என்று. கடைசியில் எகிப்துக்கே போனார்கள், எரேமியாவையும் கூட்டிக்கொண்டு.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் பழைய வேலை மாற்றம் நினைவுக்கு வரும். ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்துவிட்டு, ‘ஆண்டவரே, உம்முடைய சித்தம் என்ன?’ என்று மூன்று வாரம் முழங்காலில் நின்றேன். புது இடத்தைப் பற்றி ஒரு நண்பர் இரண்டு சங்கடமான கேள்விகள் கேட்டார். அவருக்கு விசுவாசம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்து எட்டு மாதத்தில் அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்துவிட்டது. நான் மூன்று வாரம் ஜெபித்தது பொய்யில்லை. ஆனால் நான் எதையும் கேட்கவில்லை, ஏற்கெனவே எடுத்த முடிவில் முத்திரை குத்தச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் போகிறது: மனம் மூடிக்கொள்ளும் முன் ஜெபிப்பது எப்படி? கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்தால் பதில் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தேவன் சூத்திரத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. ஆனால் கேட்கிற நிலையில் நம்மை வைத்துக்கொள்ள இவை உதவும்.

படி 1: இது கேட்கவேண்டிய கேள்விதானா என்று பாருங்கள்

எல்லாக் கேள்விக்கும் ‘தேவசித்தம் என்ன?’ என்று காத்திருக்கத் தேவையில்லை. ஜெபத்துக்குக் கொண்டுவருமுன் காரியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்.

சில விஷயங்களில் பதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. வாங்கிய கடனைத் திருப்பித் தருவதா, சகோதரனை மன்னிப்பதா, கணக்கில் பொய் எழுதுவதா என்பதற்கெல்லாம் புதிதாக வெளிப்பாடு வேண்டாம். ‘இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று இந்த இடத்தில் சொல்வது பெரும்பாலும் கீழ்ப்படியாமைக்குப் போட்ட நல்ல சட்டை. பவுல் ‘தேவனுடைய சித்தம்’ என்று வெளிப்படையாகப் பெயர் சொல்லும் இடங்களைப் பாருங்கள். பரிசுத்தமாக இருப்பது (1 தெசலோனிக்கேயர் 4:3), எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வது (5:18). எந்த ஊர், எந்த வேலை என்று அவர் அங்கே பேசவே இல்லை.

இன்னும் சில விஷயங்கள் நம் விருப்பத்துக்கே விடப்பட்டவை. விதவையின் மறுமணத்தைப் பற்றி 1 கொரிந்தியர் 7:39-இல் பவுல் எழுதும்போது, அவள் தன் விருப்பப்படி யாரையும் மணக்கலாம், கர்த்தருக்குட்பட்டவனாக இருந்தால் போதும் என்கிறார். திருமணம் போன்ற பெரிய காரியத்திலேயே எல்லையைக் காட்டிவிட்டு உள்ளே சுதந்தரம் தருகிறார். எந்தச் சட்டையைப் போடுவது என்று ஜெபித்து மனதைக் குழப்பிக்கொள்ளும் சிலரைப் பார்த்திருக்கிறேன். அது பக்தி போலத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது பயம்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய பரப்பு இருக்கிறது. வேலை, படிப்பு, திருமணம், இடம் மாறுவது, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வது, ஒரு உறவில் எவ்வளவு தூரம் தலையிடுவது. வசனம் நேரடியாகச் சொல்லாதவை, ஆனால் பல பேருடைய வாழ்க்கையைத் தொடுபவை. யாக்கோபு 1:5 இதற்குத்தான்: ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும், தேவன் யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவர், ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குப் பிடித்தது. ‘இதுகூடத் தெரியாதா உனக்கு?’ என்று அவர் கேட்கமாட்டார்.

படி 2: அவசரம் வருமுன்பே ஒரு நேரத்தைப் பிடித்து வையுங்கள்

நெருக்கடி வந்த பிறகு ஜெபிக்கப் பழகுவது கஷ்டம். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் வேண்டிக்கொள்கிறவனைச் சிங்கக் கெபியில் போடவேண்டும் என்ற கட்டளையில் கையெழுத்து விழுந்தது தெரிந்ததும் தானியேல் என்ன செய்தார்? வீட்டுக்குப் போய், முன் செய்துவந்தபடியே, தினம் மூன்று வேளையும் முழங்கால்படியிட்டார். ‘முன் செய்துவந்தபடியே’ என்பதுதான் அந்த வசனத்தின் உயிர். அன்றைக்காக அவர் புதிதாக எதையும் தொடங்கவில்லை.

பத்து நிமிடம் போதும். காலை நேரம் நல்லதுதான், இயேசுவும் அதிகாலையில் இருட்டோடே எழுந்து போனார் (மாற்கு 1:35). ஆனால் கைக்குழந்தை வைத்திருக்கும் தாயும் இரவு வேலை பார்ப்பவரும் இந்த வசனத்தை வைத்துத் தங்களைத் தாங்களே வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. உங்களுக்குத் தெளிவாக இருக்கும் நேரம் எதுவோ அதுதான் உங்கள் நேரம். போன் வேறொரு அறையில் இருக்கட்டும்.

உட்கார்ந்ததும் மனம் அலைகிறதா? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லருக்கும் இதே தொல்லை இருந்தது. பத்து ஆண்டுகளாகக் காலையில் எழுந்ததும் நேராக ஜெபிக்கத் தொடங்கிக்கொண்டிருந்தார். முதல் கால் மணி, சில நாள் அரை மணி நேரம், மனம் அலைவதிலேயே போய்விடும். 1841-இல் வரிசையை மாற்றினார். முதலில் வேதத்தை எடுத்து மெதுவாக வாசிப்பது, வாசித்த வரியிலிருந்தே ஜெபத்துக்குள் போவது. ஒரு வரி நன்றி சொல்ல வைக்கும், இன்னொன்று பாவத்தை அறிக்கையிட வைக்கும், மற்றொன்று யாரையாவது நினைவுபடுத்தும். மனதைப் பிடித்து நிறுத்தப் போராடுவதைவிட இது சுலபம். நான் பார்த்தவரை ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

அப்படியும் அலைந்தால்? எங்கே போய் நின்றதோ அதையே ஜெபமாக்குங்கள். மனம் திரும்பத் திரும்ப ஒரு பில்லின்மேல் போய் நிற்கிறது என்றால், நீங்கள் ஜெபிக்கவேண்டியது அந்தப் பில்லைப் பற்றித்தான்.

படி 3: காகிதத்தை விரித்து வையுங்கள்

அசீரிய ராஜா சனகெரிப்பிடமிருந்து யூதாவின் ராஜா எசேக்கியாவுக்கு ஒரு மிரட்டல் கடிதம் வந்தது. எசேக்கியா அதை வாசித்தார், ஆலயத்துக்குப் போனார், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார் (ஏசாயா 37:14). கர்த்தருக்குப் படிக்கத் தெரியாதா? தெரியும். ஆனால் விரித்து வைப்பது எசேக்கியாவுக்குத் தேவையாக இருந்தது.

நம் ஜெபங்களில் பாதி மங்கலானவை. ‘என் எதிர்காலத்தை ஆசீர்வதியும்’, ‘குடும்பத்தில் சமாதானம் தாரும்.’ இதில் தவறில்லை, ஆனால் இதில் விரிக்க எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு தாளில் எழுதுங்கள். முடிவு என்ன, எந்தத் தேதிக்குள் எடுக்கவேண்டும், யாரைப் பாதிக்கும், எனக்கு எது பயம், எனக்கு எது ஆசை. ஆஃபர் கடிதமோ மருத்துவ ரிப்போர்ட்டோ இருந்தால் அதையே மேசைமேல் வைத்துக்கொண்டு ஜெபியுங்கள். கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். செய்து பாருங்கள்.

என்ன வரிசையில் பேசுவது என்று தெரியாவிட்டால் பரமண்டல ஜெபத்தையே எலும்புக்கூடாக வைத்துக்கொள்ளலாம். அதில் அன்றன்றுள்ள ஆகாரத்தைக் கேட்பதற்கு முன் மூன்று விண்ணப்பங்கள் வருகின்றன: உம்முடைய நாமம், உம்முடைய ராஜ்யம், உம்முடைய சித்தம். அந்த மூன்றையும் நிதானமாகச் சொல்லிவிட்டு உங்கள் தாளுக்கு வந்தால், அதில் எழுதியிருக்கும் சில வரிகள் தானாகவே சிறுத்துப்போகும். சில வரிகளை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

அழுகை வந்தால் அழுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு பேசுங்கள். 13-ஆம் சங்கீதம் முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு தடவை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் கிடைக்காமலே முடிந்துவிடுகிறது. அதையும் தேவன் வேதத்துக்குள் வைத்திருக்கிறார் என்றால், உங்கள் முனகலைக் கேட்டு அவர் முகம் சுளிக்கமாட்டார். ‘ஜெபத்தில் இப்படியெல்லாம் பேசலாமா’ என்று அலங்காரமான வார்த்தைகளைத் தேடுகிறவர்கள்தான் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள்.

படி 4: உங்கள் ஆசையை ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு கையைத் திறங்கள்

எகிப்துக்குப் போக நின்றவர்களின் பிரச்சினை ஆசை இருந்தது அல்ல. பஞ்சத்துக்கும் யுத்தத்துக்கும் பயந்தவர்கள் பத்திரமான இடத்துக்கு ஆசைப்பட்டது இயல்பு. அந்த ஆசையை ஜெபத்தில் சொல்லாமல் மறைத்ததுதான் பிரச்சினை. ‘எங்களுக்கு எகிப்துக்குப் போகத்தான் ஆசை, தடுத்தால் கோபம் வரும், உதவிசெய்யும்’ என்று நேராகக் கேட்டிருந்தால் கதை வேறாகியிருக்கலாம்.

சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு எதையும் மறைக்கவில்லை. இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று முதலில் தன் விருப்பத்தைச் சொன்னார். அதன் பிறகுதான் ‘ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல’ என்ற வார்த்தை வருகிறது. அதுவும் ஒரே மூச்சில் முடியவில்லை. மூன்று தடவை போய் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். ஒப்புக்கொடுத்தல் அவருக்கே மூன்று தடவை எடுத்தது என்றால், நமக்கு முப்பது நாள் ஆனால் ஆச்சரியமில்லை.

ஒரு சோதனை சொல்கிறேன். தாளில் இருக்கும் முடிவுக்கு நேர்எதிரான பதில் நாளைக் காலை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குள் முதலில் எழுவது என்ன? வருத்தம் என்றால் பரவாயில்லை. ‘இது தேவனிடமிருந்து வந்திருக்காது’ என்று உடனே வாதாடத் தோன்றினால், நீங்கள் இன்னும் கேட்கத் தயாராகவில்லை. அந்த நாளில் முடிவுக்காக ஜெபிப்பதை நிறுத்திவிட்டு, மனசு திறப்பதற்காக மட்டும் ஜெபியுங்கள்.

படி 5: பதில் வரும் வழிகளைத் தனித்தனியாக நம்பாதீர்கள்

அதிகக் குழப்பம் நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். தேவன் எப்படி வழிகாட்டுகிறார் என்று கேட்டால் விசுவாசிகள் பொதுவாக நான்கு சொல்வார்கள்: வசனம், மூத்தவர்களின் ஆலோசனை, சூழ்நிலைகள், உள்ளத்தின் சமாதானம். நான்கும் உண்மை. நான்கையும் நாம் ஏமாற்றிக்கொள்ளவும் முடியும்.

வசனத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் படும் இடத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அந்த வகையில் நமக்கு வேண்டிய வசனம் வரும்வரை திறந்துகொண்டே இருப்போம். ‘உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும், என் பாதைக்கு வெளிச்சமுமாயிருக்கிறது’ என்கிறது சங்கீதம் 119:105. அந்தக் கால விளக்கு அடுத்த அடியைக் காட்டும், அடுத்த ஊரைக் காட்டாது. ஒரு புத்தகத்தைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டு வரும்போது, உங்கள் காரியத்தோடு சம்பந்தமே இல்லாத பகுதியில் உங்கள் பேராசையோ கோபமோ வெளிச்சத்துக்கு வரும். வழிநடத்துதல் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது, வழியைக் காட்டும் முன் நடக்கிறவனைக் காட்டும்.

ஆலோசனைக்கு வருவோம். தாவீது ஆலயம் கட்ட நினைத்தபோது நாத்தான் தீர்க்கதரிசி சொன்னார்: நீர் போய் உம்முடைய இருதயத்தில் உள்ளபடியெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார். அன்று ராத்திரியே கர்த்தர் நாத்தானைத் திருத்தி அனுப்பினார் (2 சாமுவேல் 7). தீர்க்கதரிசிக்கே நல்லெண்ணத்தில் தவறிவிட்டது. எனவே ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். உங்களை நேசிக்கிறவர், உங்கள் முடிவால் தனக்கு லாபமோ நஷ்டமோ இல்லாதவர், ‘வேண்டாம்’ என்று சொல்லத் தயங்காதவர், இப்படி இரண்டு மூன்று பேரைத் தேடுங்கள். முழுக் கதையையும் சொல்லுங்கள். பாதியைச் சொல்லி வாங்கும் ஆலோசனை முத்திரைக் கடைக்குப் போவதற்குச் சமம்.

‘கர்த்தர் உங்களைப் பற்றி என்னிடம் சொன்னார்’ என்று யாராவது வந்தால் மரியாதையாகக் கேளுங்கள், அப்புறம் சோதித்துப் பாருங்கள். தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதேயுங்கள் என்று சொன்ன அதே மூச்சில்தான் பவுல், எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். உங்களுக்குச் சொல்லவேண்டியதை உங்களிடம் சொல்ல தேவனுக்குத் தெரியும். பயமுறுத்தியோ அவசரப்படுத்தியோ பணம் கேட்டோ வரும் எந்தச் செய்தியையும் ஓரமாக வைத்துவிடலாம்.

சூழ்நிலைகள் மிகவும் வசீகரமானவை. ‘எல்லாக் கதவும் தானாகத் திறந்தது, அதனால் இது தேவசித்தம்.’ யோனாவும் அப்படித்தான் நினைத்திருக்கலாம். கர்த்தர் போகச் சொன்ன நினிவேக்கு எதிர்த் திசையில் ஓட யோப்பா துறைமுகத்துக்குப் போனார், தர்ஷீசுக்குப் போகும் கப்பல் தயாராக நின்றது, கூலி கொடுக்கக் கையில் காசும் இருந்தது. மறுபக்கம் பவுலைப் பாருங்கள். எபேசுவில் பெரிய கதவு திறந்திருக்கிறது, விரோதிகளும் அநேகர் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 16:9), அங்கேயே தங்குகிறார். துரோவாவில் கர்த்தரே கதவைத் திறந்திருந்தும், உடன் ஊழியன் தீத்துவைக் காணாமல் ஆவிக்கு அமைதலில்லாததால் கிளம்பிவிடுகிறார் (2 கொரிந்தியர் 2:12-13). தடை வந்தால் தேவன் மறுக்கிறார் என்றும், தடை இல்லாவிட்டால் சம்மதிக்கிறார் என்றும் கணக்குப்போட முடியாது. சூழ்நிலையைப் படிக்கலாம், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

கடைசியாக, சமாதானம். ‘எனக்கு உள்ளத்தில் சமாதானம் இருக்கிறது’ என்றால் அதற்குமேல் யாரும் பேச முடியாது, அதனாலேயே இதில் ஆபத்து அதிகம். புயலுக்கு நடுவே யோனா கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கீழ்ப்படியாமல் ஓடியவருக்கு நல்ல தூக்கம். கெத்செமனேயில் முழுமையாகக் கீழ்ப்படிந்தவருக்கோ மரண வியாகுலம். ஆக, தூக்கம் வருவதும் நெஞ்சு படபடப்பதும் எதையும் நிரூபிக்காது. பிலிப்பியர் 4:7-இல் வரும் தேவசமாதானம் இருதயத்தையும் சிந்தையையும் காத்துக்கொள்ளும் என்றுதான் வாக்குக் கொடுக்கிறது, இந்த வேலையை எடு, அந்த வேலையை விடு என்று சொல்லும் என்றல்ல.

அப்படியானால் எதை நம்புவது? ஒன்றை மட்டும் வைத்து நகராமல், நான்கும் ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பதுதான் பழைய, சோதித்தறிந்த வழி. வசனம் எதிராக நின்றால் மற்ற மூன்றும் சேர்ந்தாலும் போகாதீர்கள்.

கிதியோனின் தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராத்திரியில் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, பனி தோலில் மட்டும் பெய்யட்டும், மறுநாள் தரையில் மட்டும் பெய்யட்டும் என்று அவர் தேவனிடம் அடையாளம் கேட்டார். ‘இப்படி நடந்தால் நான் செய்கிறேன்’ என்று அடையாளம் வைக்கிறவர்கள் அவரைத்தான் முன்னுதாரணமாகச் சொல்வார்கள். ஆனால் அவர் என்ன செய்யவேண்டும் என்று கர்த்தர் அதற்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் தோலைப் போட்டது வழி தெரியாமல் அல்ல, சொன்னதை நம்ப முடியாமல். இரண்டாவது தடவை கேட்கும்போது, உமது கோபம் என்மேல் மூளாதிருப்பதாக என்று அவரே கூச்சத்தோடு ஆரம்பிக்கிறார். தேவன் அவருடைய பலவீனத்துக்கு இறங்கிவந்தார், அதற்காக அது நமக்குப் பாடத்திட்டம் ஆகிவிடாது. சீட்டுப் போடுவதும் அப்படியே. அப்போஸ்தலர் 1-இல் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டார்கள். அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் வந்தார், அதன் பிறகு சபை சீட்டுப் போட்டதாக வேதத்தில் ஒரு இடமும் இல்லை.

படி 6: நேற்றைய பதிலை இன்றைக்கு ஓட்டாதீர்கள்

இது சின்னப் படி, ஆனால் அனுபவசாலிகள் தடுக்கி விழும் இடம். பெலிஸ்தர் ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் வந்து பரவினார்கள். தாவீது கர்த்தரிடம் கேட்டார், போ என்றார், ஜெயித்தார். அதே பெலிஸ்தர் அதே பள்ளத்தாக்கில் மறுபடியும் வந்தார்கள். அனுபவம் இருக்கிறதே என்று தாவீது கிளம்பவில்லை, திரும்பவும் கேட்டார். இந்தத் தடவை பதில் வேறு: நேரே போகாதே, பின்னாலே சுற்றிப் போ, முசுக்கட்டைச் செடிகளின் நுனியில் இரைச்சல் கேட்கும்போது எழும்பு (2 சாமுவேல் 5). மூத்த பிள்ளைக்குச் சரியாக இருந்த முடிவு இளைய பிள்ளைக்குச் சரியாக இருக்கவேண்டும் என்பதில்லை.

படி 7: ஜெபித்தபின் காவலும் வையுங்கள்

நெகேமியா எருசலேம் அலங்கத்தைக் கட்டும்போது எதிரிகள் தாக்கப்போவதாகச் செய்தி வந்தது. ‘நாங்கள் எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, இராப்பகலும் ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம்’ என்று எழுதுகிறார். ஒரே வாக்கியம், இரண்டு வினைகள். ஜெபித்ததால் காவல் வேண்டாம் என்றும், காவல் இருப்பதால் ஜெபம் வேண்டாம் என்றும் அவருக்குத் தோன்றவில்லை.

முன்பு பார்த்த எசேக்கியாவுக்கு மரண வியாதி வந்தபோது பதினைந்து வருஷம் கூட்டித்தருவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் பற்றுப்போடச் சொன்னார். வாக்குத்தத்தம் கையில் இருக்கும்போதே மருந்து! ஜெபிக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களும், டாக்டரைப் பார்க்காமல் தள்ளிப்போடுகிறவர்களும் இந்த அடையை ஒரு நிமிடம் யோசிக்கவேண்டும்.

மனச்சோர்வும் அப்படித்தான். எலியா சூரைச்செடியின் கீழே படுத்துச் சாகவேண்டும் என்று கேட்டபோது, தூதன் அவருக்கு உபதேசம் பண்ணவில்லை. எழுந்து சாப்பிடு என்றான். அவர் சாப்பிட்டார், தூங்கினார், மறுபடி சாப்பிட்டார். அமர்ந்த மெல்லிய சத்தம் நாற்பது நாள் கழித்து ஓரேபில்தான் வந்தது. பல நாள் தூக்கமில்லாமல், சாப்பாட்டில் பிடிப்பில்லாமல், வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால், ஜெபக் குறிப்போடு சேர்த்து மருத்துவ உதவியையும் தேடுங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை.

படி 8: காத்திருக்கும் நாட்களில் என்ன செய்வது

தான் வந்து பலி செலுத்தும்வரை ஏழு நாள் காத்திரு என்று தீர்க்கதரிசி சாமுவேல் ராஜா சவுலிடம் சொல்லியிருந்தார். சவுல் ஏழாம் நாள்வரை காத்திருந்தார். ஜனங்கள் சிதறிப்போகிறார்கள், எதிரி கூடுகிறான், சாமுவேலைக் காணோம். பொறுக்க முடியாமல் பலியைத் தானே செலுத்தி முடித்ததும், சாமுவேல் வந்து நின்றார் (1 சாமுவேல் 13). காத்திருப்பதில் கஷ்டமானது கடைசி மணி நேரம்தான்.

காத்திருக்கும் நாட்களில் சும்மா இருக்கவேண்டியதில்லை. விவரங்களைச் சேகரியுங்கள், கையில் இருக்கும் வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள், முறிந்த உறவு ஏதாவது இருந்தால் சரிசெய்யுங்கள். மனைவியைக் கனம்பண்ணாத புருஷனுடைய ஜெபத்துக்குத் தடை வரும் என்று பேதுரு எழுதியிருக்கிறார் (1 பேதுரு 3:7). முடிவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், இருக்கிறது.

சரி, கடைசித் தேதி வந்துவிட்டது, தெளிவு வரவில்லை. என்ன செய்வது? கையிலிருக்கும் ஞானத்தை வைத்து முடிவெடுங்கள். ஜெபித்தீர்கள், கேட்டீர்கள், ஆராய்ந்தீர்கள். மனுஷனுடைய இருதயம் அவன் வழியை யோசிக்கும், அவனுடைய நடைகளை உறுதிப்படுத்துகிறவரோ கர்த்தர் என்கிறது நீதிமொழிகள் 16:9. நீங்கள் தவறாக ஒரு அடி வைத்துவிட்டால் மீதி வாழ்க்கை முழுவதும் ‘இரண்டாம் தரச் சித்தத்தில்’தான் போகும் என்ற பயத்துக்கு வேதத்தில் ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை. இயேசுவை மூன்று தடவை மறுதலித்தும் மறுபடி ஊழியத்தில் நிறுத்தப்பட்ட பேதுருவின் கதை ஒன்றே போதும்.

முடிவெடுத்தபின் ஒரு வாரத்தில் சோர்வு வரும், ‘தப்புப் பண்ணிவிட்டோமோ’ என்று. ‘இயேசு சபை’ என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு விதி சொல்லிவைத்தார்: மனம் வறண்டு இருண்டிருக்கும் நேரத்தில், அதற்கு முன் தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். மாற்றவேண்டியதாக இருந்தால் வெளிச்சம் வந்தபின் மாற்றலாம்.

படி 9: நாளின் நடுவே சின்னச் சின்ன ஜெபங்கள்

அலங்கத்தைக் கட்டப் போகுமுன், பாரசீக ராஜா அர்தசஷ்டா நெகேமியாவிடம், நீ கேட்கிற காரியம் என்ன என்றார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தார் (2:4). எத்தனை வினாடி இருக்கும்? ராஜா கவனித்திருக்கக்கூட மாட்டார். எகிப்தின் பாலைவனத் துறவிகள் இப்படி அம்பு எய்வதுபோல மிகச் சுருக்கமாக அடிக்கடி ஜெபிப்பார்கள் என்று 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன் ஒரு கடிதத்தில் எழுதினார். நீண்ட ஜெபத்தில் கவனம் மழுங்கிவிடும் என்பது அவர்கள் கவலை.

ஒரு கடினமான போன் அழைப்பை எடுக்கும் முன் ‘ஆண்டவரே, என் வாயைக் காத்துக்கொள்ளும்.’ பிள்ளை கத்தும்போது ‘பொறுமை தாரும்.’ கதவைத் தட்டும் முன் ‘கூட வாரும்.’ இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள் என்பதை நடைமுறையில் வாழ இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

ஆனால் நெகேமியாவின் அந்த ஒரு வினாடி ஜெபத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்ற செய்தி அவருக்கு வந்தது கிஸ்லேயு மாதத்தில், ராஜா கேட்டது நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதங்கள். செய்தி கேட்ட நாளிலிருந்து உபவாசமும் அழுகையும் மன்றாட்டும். அதனால்தான் கேள்வி வந்ததும் எத்தனை காலம், என்னென்ன கடிதங்கள், எவ்வளவு மரம் என்று அவரால் கடகடவென்று சொல்ல முடிந்தது.

படி 10: ராத்திரியில் ஒரு நோட்டு

படுக்கும் முன் ஐந்து நிமிடம். இன்று எதற்கு நன்றி, எங்கே அவருடைய கையைப் பார்த்தேன், எங்கே கேட்காமல் ஓடினேன், நாளை எதற்கு உதவி வேண்டும். நான்கு வரி போதும். இடது பக்கத்தில் ஜெப விண்ணப்பத்தைத் தேதியோடு எழுதுங்கள், வலது பக்கத்தைக் காலியாக விடுங்கள். பதில் வரும்போது நிரப்பலாம். எழுதாவிட்டால் பதில் வந்ததே நமக்குத் தெரியாமல் போகும், ஏனென்றால் அதற்குள் நாம் அடுத்ததைக் கேட்கத் தொடங்கியிருப்போம்.

‘இல்லை’ என்ற பதில்களையும் எழுதுங்கள். பவுல் தன் மாம்சத்திலுள்ள முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை, என் கிருபை உனக்குப் போதும் என்ற வார்த்தை கிடைத்தது. என் நோட்டிலும் வலது பக்கம் பல வருஷமாகக் காலியாகக் கிடக்கும் வரிகள் உண்டு. அவற்றை அடிக்காமல் விட்டுவைத்திருக்கிறேன்.

அதற்குக் காரணம் அப்போஸ்தலர் 16. பவுலும் அவருடன் இருந்தவர்களும் ஆசியாவில் (இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த ரோம மாகாணம்) வசனம் சொல்லப் போனார்கள், பரிசுத்த ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார்கள், அதற்கும் இடம் கிடைக்கவில்லை. ஏன் என்று ஒரு விளக்கமும் இல்லை. துரோவாவில் ராத்திரி தரிசனம்: மக்கெதோனியா தேசத்து மனுஷன் ஒருவன் வந்து உதவிசெய்யும் என்கிறான். தரிசனம் கண்டது பவுல் ஒருவர்தான், ஆனால் ‘நிச்சயித்துக்கொண்டு’ புறப்பட்டது எல்லோரும் சேர்ந்து. மக்கெதோனியாவிலுள்ள பிலிப்பிக்குப் போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்தபோது தரிசனத்தில் வந்த மனுஷனைக் காணோம். கூடியிருந்தது பெண்கள். அவர்களில் கர்த்தர் இருதயத்தைத் திறந்தது லீதியாள் என்ற வியாபாரிக்கு. அவள் ஊர் தியத்தீரா. அது ஆசியாவில் இருந்தது. அதன்பின் பிலிப்பியிலேயே அவர்களுக்கு அடியும் சிறையும் கிடைத்தன, சரியான வழியில் வந்தும். சில ஆண்டுகள் கழித்து அதே பவுல் ஆசியாவிலுள்ள எபேசுவில் இரண்டு வருஷம் தங்கினார், ஆசியாவில் குடியிருந்த எல்லோரும் வசனத்தைக் கேட்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார்.